கீரை கடையா, கீரைக்கடையா?

காரக்கோணம் என்ற ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதினாலும் மலையாளத்தில் எழுதினாலும் நடுவில் ஒரு 'க்' நிற்கிறது. ஆங்கிலத்துக்குப் போனதும் அது காணாமல் போய்விடுகிறது. பேருந்துப் பலகையில் அந்த இடத்தில் 'கே' ஒன்றுதான் இருக்கும். ஊரை அறியாதவர் அதைப் பார்த்துக் 'கரகோணம்' என்று வாசித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. பக்கத்தில் பாறசாலை. மலையாளத்தில் அந்தப் பெயரின் 'ச' இரட்டிக்கிறது, ஆங்கிலப் பலகையிலும் 'எஸ்' இரண்டு உண்டு. தமிழில் எழுதும் நாம்தான் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறோம். நெய்யாற்றின்கரையிலோ 'கரை' வந்து சேரும் இடத்தில் எந்த மொழியிலும் இரட்டிப்பு இல்லை. ஒரே தாலுகாவுக்குள் மூன்று ஊர்ப்பெயர்கள், மூன்று வழக்கங்கள்.

இரண்டு சொற்கள் சேரும் இடத்தில் என்ன செய்வது என்ற கேள்வி எல்லா மொழிக்கும் உண்டு. ஒட்டி எழுதலாம், விட்டு எழுதலாம், இடையில் ஏதாவது ஓர் அடையாளம் வைக்கலாம். ஆங்கிலம் வைக்கும் அடையாளம் ஒரு சிறு கோடு. இணைப்புக்குறி என்று பாடநூல் சொல்லும். பள்ளியில் எல்லாரும் ஹைபன் என்றே சொல்கிறார்கள். வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் வகுப்பில் ஆங்கிலமுமாக வளரும் இந்தக் கேரள-தமிழக எல்லைப்புறப் பிள்ளைகளுக்கு அந்தக் கோடு எங்கே வரும், எங்கே வராது என்பது தீராத குழப்பம். ஆசிரியர்களில் பலருக்கும் அப்படித்தான். 'பார்க்க நன்றாக இருந்தால் போடு' என்கிற அளவில்தான் பல இடங்களில் அது கற்பிக்கப்படுகிறது.

அந்தக் கோட்டின் வேலையைப் புரிந்துகொள்ள ஆங்கில இலக்கண நூலைத் திறக்கவேண்டிய அவசியம் இல்லை. அதே வேலையைச் செய்யும் ஒன்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

'கீரை கடை' என்று எழுதுங்கள். அடுப்படியில் நிற்கும் ஒருவரிடம் மத்தை எடுத்துக் கடையச் சொல்கிறீர்கள். 'கீரைக்கடை' என்று எழுதுங்கள். சந்தையில் கீரை விற்கும் இடம் அது. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரே ஒரு 'க்'. அந்த மெய்யெழுத்துக்குத் தனியாகப் பொருள் எதுவும் இல்லை. முன்னால் நிற்கும் சொல்லும் பின்னால் நிற்கும் சொல்லும் சேர்ந்து ஒரே பெயராகிவிட்டன என்று வாசிப்பவருக்குச் சொல்வது மட்டுமே அதன் பணி. 'தந்த பலகை' என்றால் யாரோ கொடுத்த பலகை; 'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தத்தில் செய்தது. விதிகளைக் 'கடைப்பிடி' என்று சொல்ல வந்த அறிவிப்பு 'கடைபிடி' என்று சொன்னால், வாடகைக்கு ஒரு கடை பிடிக்கச் சொல்வதாகிறது. அரசு அலுவலகச் சுவர்களில் இந்த இரண்டாவது வடிவம் எவ்வளவு சாதாரணம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

தமிழில் ஒற்று மிகுவது செய்யும் இந்தக் காரியத்தைத்தான் ஆங்கிலத்தில் ஹைபன் செய்கிறது. பெயர்ச்சொல் வருமுன் நிற்கும் சொற்களில் எது எதோடு கூட்டு என்பதை அது சொல்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பழைய புத்தகக் கடை என்ற தொடரைப் பாருங்கள். கடை பழையதா, புத்தகம் பழையதா? 1985இல் எரிந்துபோன சென்னை மூர் மார்க்கெட்டைப் பற்றிப் பேசும்போது எல்லாருக்கும் விடை தெரியும். பழைய புத்தகங்களை விற்ற கடைகள் அவை. ஊர் தெரியாதவருக்கு அந்த வசதி கிடையாது. தமிழில் ஒற்று இங்கே உதவுவதில்லை. 'புத்தகக் கடை' இரண்டு பொருளிலும் ஒரே மாதிரிதான் நிற்கும். ஆங்கிலத்தில் ஹைபன் இந்தச் சிக்கலை ஒரு நொடியில் தீர்த்துவிடுகிறது. 'ஓல்டு-புக் ஷாப்' என்றால் பழைய புத்தகம் விற்கும் கடை. 'ஓல்டு புக்ஷாப்' என்றால் கடைக்குத்தான் வயதாகிவிட்டது. நம் ஒற்றால் செய்ய முடியாத ஒன்றை அந்தச் சிறு கோடு செய்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம். பத்து வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், 'எ டென் இயர்ஸ் ஓல்டு பாய்' என்று எழுதுகிறார்கள். சரியான வடிவம் 'எ டென்-இயர்-ஓல்டு பாய்'. இரண்டு ஹைபன் வரும், 'இயர்' பன்மை ஆகாது. அதே செய்தியை 'தி பாய் இஸ் டென் இயர்ஸ் ஓல்டு' என்று சொன்னால் ஹைபன் எதுவும் வராது, 'இயர்ஸ்' பன்மையாகிவிடும். ஏன் இப்படி என்று கேட்கும் பிள்ளைக்கு விதியை மனப்பாடம் செய்யச் சொல்வதைவிடத் தமிழைக் காட்டலாம். 'பத்து வயதுச் சிறுவன்' என்று எழுதும்போது 'ச்' வருகிறது. 'சிறுவனுக்கு வயது பத்து' என்று எழுதும்போது அந்த 'ச்' போய்விடுகிறது. 'ஐந்து மாடிக் கட்டடம்', ஆனால் 'கட்டடத்துக்கு ஐந்து மாடி'. 'பத்து ரூபாய்த் தாள்', ஆனால் 'தாளின் மதிப்பு பத்து ரூபாய்'. நம் ஒற்று வந்துபோகும் அதே இடத்தில்தான் ஆங்கிலத்தின் கோடும் வந்துபோகிறது. பெயருக்கு முன்னால் கூட்டமாக நின்று அதை வருணிக்கும்போது சொற்கள் கைகோத்துக்கொள்கின்றன. பெயருக்குப் பின்னால் போனதும் கையை விட்டுவிடுகின்றன.

'வெல்-நோன் டாக்டர்' என்று முன்னால் வந்தால் கோடு. 'தி டாக்டர் இஸ் வெல் நோன்' என்று பின்னால் வந்தால் கோடு வேண்டாம். இதுவும் நமக்குப் புதிதல்ல. 'புகழ்பெற்ற மருத்துவர்' என்று சேர்த்து எழுதுகிறவர்கூட 'அவர் பெரும் புகழ் பெற்றார்' என்று பிரித்துத்தான் எழுதுவார்.

மருத்துவர் என்றதும், காரக்கோணத்துக்குப் பெயர் வாங்கித் தந்த மருத்துவக் கல்லூரி நினைவுக்கு வருகிறது. நெய்யூரில் நெடுங்காலம் பணியாற்றிய தியோடர் ஹோவர்டு சாமர்வெல் பெயரில் அது நிற்கிறது. 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் ஏறப் போன அணிகளில் இருந்த அதே சாமர்வெல்தான். மருத்துவமனை உள்ள ஊரில் ஹைபனின் உண்மையான மதிப்பு இலக்கணத் தேர்வில் கிடைக்கும் அரை மதிப்பெண்ணில் இல்லை, மருந்துச் சீட்டில் இருக்கிறது.

'டூ ஹண்ட்ரட் மில்லிகிராம் டேப்லெட்ஸ்' என்று எண்ணையும் சொல்லால் எழுதிய ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். கோடு எதுவும் இல்லை. இரண்டு மாத்திரைகளா, இருநூறு மில்லிகிராம் மாத்திரைகளா? 'ஹண்ட்ரட்-மில்லிகிராம்' என்று மட்டும் கோடு போட்டு, 'டூ' தனியே நின்றால் நூறு மில்லிகிராம் மாத்திரை இரண்டு. 'டூ-ஹண்ட்ரட்-மில்லிகிராம்' என்று மூன்றையும் இணைத்தால் ஒவ்வொரு மாத்திரையும் இருநூறு மில்லிகிராம். எத்தனை மாத்திரை என்பது இன்னும் சொல்லப்படவில்லை. இப்படிப் படித்த ஒருவர் முன்சொன்ன இரண்டு என்ற எண்ணிக்கையையும் சேர்த்துக்கொண்டால் மருந்தின் அளவு இரட்டிப்பாகிவிடும். தமிழில் இந்த ஆபத்து குறைவு. 'நூறு மில்லிகிராம் மாத்திரை இரண்டு' என்பதும் 'இருநூறு மில்லிகிராம் மாத்திரை' என்பதும் காதில் விழும்போதே வேறு வேறு. இரண்டு என்ற சொல் நூறோடு சேர்ந்ததும் 'இரு' என்று தன் உருவையே மாற்றிக்கொள்கிறது.

பச்சிளங்குழந்தைகள் வார்டிலும் இதே கதைதான். 'டென்-டே-ஓல்டு பேபீஸ்' என்றால் பிறந்து பத்து நாளான குழந்தைகள். 'டென் டே-ஓல்டு பேபீஸ்' என்றால் நேற்றுப் பிறந்த குழந்தைகள் பத்துப் பேர். முதல் கோடு போனதில் குழந்தைகளின் வயதும் எண்ணிக்கையும் மாறிவிட்டன.

கோட்டை மறப்பது ஒரு தவறு என்றால், கண்ட இடத்தில் எல்லாம் போடுவது இன்னொரு தவறு. 'நியூலி-பில்ட் ஹவுஸ்' என்று வீட்டுமனை விளம்பரங்களில் பார்க்கிறோம். அங்கே கோடு வேண்டாம். 'நியூலி' என்ற சொல்லின் கடைசியில் இருக்கும் 'லி' என்ற ஈறே 'நான் அடுத்த சொல்லைச் சார்ந்தவன்' என்று சொல்லிவிடுகிறது. சொன்னதை மீண்டும் சொல்ல ஒரு கோடு எதற்கு? தமிழில் இதற்கு நேரான தவறு 'பெரியக் கோயில்', 'புதியப் பாலம்', 'சிறியக் கடை' என்று எழுதுவது. 'பெரிய', 'புதிய', 'சிறிய' ஆகியவை பெயரெச்சங்கள். அவற்றின் 'அ' என்ற ஈறே அடுத்த பெயரை எதிர்பார்த்து நிற்கிறது. அங்கே ஒற்று மிகாது. 'பச்சைக்கிளி', 'வெள்ளைத்தாள்' என்பவை வேறு; அங்கே பண்புப்பெயர் நேராகப் பெயரோடு மோதுவதால் ஒற்று மிகுகிறது. ஒற்றைக் கைவிட்டவர்களைவிட ஒற்றை அள்ளித் தெளிப்பவர்களைத்தான் இப்போது அதிகம் காண முடிகிறது என்பது என் எண்ணம். தவறு செய்துவிடுவோமோ என்ற பயத்தில் கூடுதலாக ஒன்றைப் போட்டுவைக்கிறார்கள். ஆங்கிலத்திலும் அதே பயம்தான். ஒரு சிறு விலக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன்: 'ஃப்ரெண்ட்லி' போன்ற சொற்கள் 'லி' என்று முடிந்தாலும் பெயரை நேராக வருணிப்பவை. ஆகவே 'ஃப்ரெண்ட்லி-லுக்கிங் டாக்' என்பதில் கோடு வேண்டும்.

'செக்கப்' என்ற சொல் இன்று தமிழாகவே ஆகிவிட்டது. 'அடுத்த மாசம் செக்கப்புக்கு வரணும்' என்று சொல்லாத நோயாளி இல்லை. ஆங்கிலத்தில் அது பெயராக வரும்போது 'செக்-அப்', கோட்டோடு; அமெரிக்கர்கள் கோட்டையும் எடுத்துவிட்டு ஒரே சொல்லாக எழுதுகிறார்கள். வினையாக வரும்போது 'செக் அப்' என்று இரண்டு சொல். 'ஃபாலோ-அப்'புக்கும் இதே கணக்குதான். பெயரானால் ஒட்டும், வினையானால் விலகும். தமிழில் நாம் இதைச் சற்று வேறு விதமாகக் கையாள்கிறோம். 'பிள்ளை வந்துவிட்டான்' என்று சேர்த்து எழுதினால் வருகை முடிந்தது என்று பொருள். 'ஆட்டோக்காரர் பிள்ளையைக் கொண்டு வந்து விட்டார்' என்று பிரித்து எழுதினால் பள்ளி வாசலில் இறக்கிவிட்டார் என்று பொருள். துணைவினை என்றால் முன்வினையோடு ஒட்டவேண்டும், தன் சொந்தப் பொருளில் நிற்கும் வினை என்றால் விலகவேண்டும். செய்தித்தாள்கள் இதைப் பொருட்படுத்துவதே இல்லை. பத்தியின் அகலத்துக்கு ஏற்ப வெட்டி ஒட்டுகிறார்கள்.

எல்லைப்புற உணவொன்றைக்கொண்டு இன்னொரு வகையையும் விளக்கலாம். கஞ்சிபயறு. கஞ்சியும் பயறும் என்று விரியும் உம்மைத்தொகை இது; ஆகவே ஒற்று மிகாது. 'செடிகொடி', 'இரவுபகல்', 'தாய்தந்தை' என்பவற்றைப் போல. 'கஞ்சிப்பயறு' என்று எழுதினால் கஞ்சிக்கென்றே விளைந்த ஏதோ ஒரு பயறு ஆகிவிடும். 'கஞ்சிப்பானை'யில் ஒற்று வருவது சரி, ஏனென்றால் அங்கே பானை கஞ்சிக்குச் சொந்தம். சமமான இருவர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒற்று இல்லை. ஒருவர் மற்றவரைச் சார்ந்து நின்றால் ஒற்று உண்டு. ஆங்கிலத்தில் இது தலைகீழ். சமமான இருவருக்கு இடையில்தான் அங்கே கோடு கட்டாயம் வரும். 'தமிழ்-மலையாளம் டிக்‌ஷனரி' என்பது போல. கவனமான அச்சகங்கள் அங்கே ஹைபனைவிடச் சற்று நீளமான கோட்டைப் பயன்படுத்துகின்றன. பள்ளி மாணவர்கள் அந்த நீளத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

மலையாளம் இந்த விஷயத்தில் நமக்கு நெருங்கிய உறவு என்றாலும் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை. டீக்கடைக்கு அவர்கள் 'சாயக்கட' என்று இரட்டித்து எழுதுகிறார்கள். அதை ஒரே சொல்லாகவே எழுதுவதால் 'க்' கழன்று விழ வழியே இல்லை. தமிழ்ப் பலகைகளில் 'டீ கடை' என்று விட்டு எழுதத் தொடங்கிய பிறகுதான் அந்த எழுத்து நமக்குத் தொலைந்தது. ஆனால் இரவில் சாலையோரம் தோசையும் ஆம்லெட்டும் போடும் கடைக்கு மலையாளத்தில் 'தட்டுகட', இரட்டிப்பு இல்லை. தமிழ் விதிப்படி, 'ட்டு' போல முடியும் வன்தொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின் ஒற்று மிகும், 'தட்டுக்கடை' என்றுதான் வரவேண்டும். இரண்டு எழுத்தையும் அறிந்த பிள்ளை ஒன்றின் பழக்கத்தை மற்றொன்றுக்குள் கொண்டுபோனால் அதை அறியாமை என்று திட்டக் கூடாது. இரண்டு மொழியும் இங்கே கலந்தே இருந்தவை. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகளை மாற்றி வரைந்தபோது, பக்கத்துத் தாலுகாவான விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போனது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டும் கிடைக்காத நெய்யாற்றின்கரை, கேரளத்திலேயே நின்றது. கோடு நிலத்தில் விழுந்ததே தவிர, பேச்சில் விழவில்லை.

முன்னொட்டுகளுக்கு வருவோம். 'எக்ஸ்-சர்வீஸ்மேன்', 'செல்ஃப்-ஹெல்ப்' போன்ற சொற்களில் 'எக்ஸ்', 'செல்ஃப்' இரண்டுக்கும் எப்போதும் கோடு உண்டு. 'எக்ஸ்-ரே', 'டி-ஷர்ட்' போலத் தனி எழுத்து ஒன்று முன்னால் நின்றாலும் கோடு உண்டு. 'ரீ' என்பதற்குப் பொதுவாகக் கோடு வேண்டாம். ஆனால் 'ரீ-சைன்' என்றால் மறுபடி கையெழுத்துப் போடுவது, 'ரிசைன்' என்றால் வேலையை விடுவது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வந்தவர் கோட்டை மறந்தால், ராஜினாமா செய்ய வந்தவர் ஆகிவிடுவார்.

'கோ' என்ற முன்னொட்டுக்குத் தமிழர் அனைவரும் அறிந்த எடுத்துக்காட்டு உண்டு. 1935இல் தொடங்கிய கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பெயர் கோ-ஆப்டெக்ஸ். அதன் ஆங்கிலப் பெயரில் முதல் இரண்டு எழுத்துகளுக்குப் பின் ஒரு ஹைபன் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் இரண்டு 'ஓ'க்கள் ஒட்டிக்கொண்டு 'கூப்' என்று வாசிக்கத் தோன்றும். ஆங்கிலத்தில் 'கூப்' என்றால் கோழிக்கூடு. பட்டுச்சேலை விற்கும் இடத்துக்கு அது பொருந்தாது. அதே தொழிலில் உள்ள கேரளத்துச் சங்கம் தன் பெயரை ஹான்டெக்ஸ் என்று வைத்துக்கொண்டது. அதற்குக் கோடே தேவைப்படவில்லை. நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் இருக்கும் பாலராமபுரத்தில், தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சாலியர்கள் நெய்த துணி அந்த இரண்டாவது பெயரில் விற்பனைக்கு வருகிறது. ஒரே நெசவுக்கு எல்லைக்கு இந்தப் பக்கம் கோடில்லாத பெயர், அந்தப் பக்கம் கோடுள்ள பெயர்.

ஒட்டுவதும் பிரிப்பதும் கால ஓட்டத்தில் மாறிக்கொண்டே வந்தவை என்பதை மறக்கக் கூடாது. ஓலைச்சுவடியில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி விடும் வழக்கம் இல்லை. ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்தின் புள்ளியையும் பெரும்பாலும் இடமாட்டார்கள். வாசிப்பவரே பிரித்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பிரிப்பதற்கு உதவும் வகையில் தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் ஒன்பது இயல்களில் ஆறு, சொற்கள் புணரும் விதத்தைச் சொல்லச் செலவிடப்பட்டன. இந்தியாவில் தமிழ் முதன்முதலாக அச்சேறியது நமக்கு வடக்கே கொல்லத்தில்; 1578இல் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்'. அச்சு வந்தும் சொற்களைப் பிரித்து எழுதும் வழக்கம் நிலைபெறப் பல தலைமுறைகள் பிடித்தன. 1950களில் மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்த பதிப்புகளை மலிவு விலையில் கொண்டுவந்தபோதுதான் பழந்தமிழ் நூல்கள் சாதாரண வாசகரின் கைக்கு எட்டின. இன்று நாம் இயல்பென்று நினைக்கும் இடைவெளிக்கு அவ்வளவு வயதில்லை.

ஆங்கிலமும் இப்படித்தான். 'டுடே' என்ற சொல்லை நூறு ஆண்டுகளுக்கு முன்வரை 'டு-டே' என்று கோடு போட்டே எழுதினார்கள். பழைய திருவிதாங்கூர் காலத்துக் கடிதங்கள் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். 2007இல் வெளிவந்த ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஏறத்தாழ 16,000 சொற்களிலிருந்து ஹைபனை நீக்கியது. 'ஐஸ்-க்ரீம்' இரண்டு சொல்லானது, 'க்ரை-பேபி' ஒரே சொல்லானது. 2011இல் அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் 'ஈ-மெயில்' நடுவிலிருந்த கோட்டை எடுத்தது. ஆங்கிலத்தில் ஒரு கூட்டுச்சொல் பெரும்பாலும் இரண்டாகப் பிறந்து, கோட்டோடு வளர்ந்து, ஒன்றாக முடிகிறது. ஆகவே பெயர்ச்சொற்களைப் பொறுத்தவரை விதி தேடிப் பயனில்லை. அகராதியைத்தான் பார்க்க வேண்டும். அகராதிகளுக்குள்ளும் ஒற்றுமை கிடையாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அதோடு நிற்பது நல்லது. ஒரே கட்டுரையில் முதல் பக்கத்தில் ஒரு மாதிரியும் மூன்றாம் பக்கத்தில் வேறு மாதிரியும் எழுதுவதுதான் உண்மையான தவறு.

ஹைபனைப் பற்றிப் பேசும் யாரும் ஒரு விண்வெளிக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. தும்பா நம் மாவட்டத்தில் இருக்கும்போது நாம் மட்டும் ஏன் விடவேண்டும்? தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது 1963 நவம்பர் 21. அதற்குப் பதினாறு மாதம் முன், 1962 ஜூலை 22 அன்று, வெள்ளிக் கோளை நோக்கி அமெரிக்கா அனுப்பிய மேரினர் 1 பாதை விலகியதால் கிளம்பிய ஐந்து நிமிடத்துக்குள் அழிக்கப்பட்டது. கணினிக் கட்டளையில் ஒரு ஹைபன் விடுபட்டதே காரணம் என்று செய்தி பரவியது. வரலாற்றிலேயே அதிக விலையுள்ள ஹைபன் என்று ஆர்தர் சி. கிளார்க் அதைக் கேலி செய்தார். விடுபட்டது ஹைபன் அல்ல, வழிகாட்டும் சமன்பாட்டில் ஓர் எழுத்தின் தலைமேல் இருக்கவேண்டிய கோடு என்று பின்னர் விளக்கினார்கள். எதுவானாலும் ஒரு சிறு கோடுதான். ஆனால் இந்தக் கதையைச் சொல்லி மாணவர்களை மிரட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பத்தாம் வகுப்புக் கட்டுரையில் ஒரு கோடு விடுபட்டால் எந்த ராக்கெட்டும் விழுந்துவிடாது.

தமிழைப் பொறுத்தவரையும் நான் கடும்போக்காளன் அல்ல. 'வாழ்த்துகள்' சரியா 'வாழ்த்துக்கள்' சரியா என்று புத்தாண்டுக்குப் புத்தாண்டு சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் சலிப்பாக இருக்கிறது. எனக்கு 'வாழ்த்துகள்' பிடிக்கும். மற்றதை எழுதியவர் வாழ்த்தவில்லை என்று நான் நினைப்பதில்லை. பொருள் மாறாத இடத்தில் ஒற்று விடுபட்டால் மன்னிக்கலாம். பொருள் மாறும் இடத்தில் மன்னிக்கக் கூடாது. விதிகளை முறையாகக் கற்க விரும்புபவர்களுக்கு அ. கி. பரந்தாமனாரின் 'நல்ல தமிழ் எழுத வேண்டுமா?' இன்றும் போதும். அதைக் கரைத்துக் குடிக்க வேண்டும் என்பதில்லை. வேற்றுமை உருபு மறைந்த தொடரா, பெயரெச்சமா, உம்மைத்தொகையா என்று கேட்டுப் பார்க்கும் பழக்கம் வந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஆங்கில ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஹைபனைத் தனிப் பாடமாக நடத்தி இருபது சொற்களை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். கரும்பலகையில் 'பத்து வயதுச் சிறுவன்', 'சிறுவனுக்கு வயது பத்து' என்ற இரண்டையும் எழுதி, எங்கே ஒற்று வந்தது, எங்கே போனது என்று பிள்ளைகளையே சொல்லவிடுங்கள். பக்கத்தில் அதே இரண்டு தொடர்களை ஆங்கிலத்தில் எழுதுங்கள். மலையாள வழிப் பிள்ளைகளுக்குச் 'சாயக்கட'வை எழுதிக் காட்டுங்கள். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் அந்த ஒரு வகுப்பைச் சேர்ந்து எடுத்தால் இன்னும் நல்லது.

மருந்துச் சீட்டு எழுதுகிறவர்களுக்கும் அதை வாசித்து மருந்து கொடுக்கிறவர்களுக்கும் இந்தக் கட்டுரையின் இலக்கணம் எதுவும் தேவையில்லை. மாத்திரையின் அளவை இலக்கத்தில் எழுதுங்கள், எண்ணிக்கையைத் தனி வரியில் எழுதுங்கள். நோயாளிகளும் சீட்டை வாங்கும்போதே எத்தனை மில்லிகிராம், எத்தனை மாத்திரை என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.